பத்து எண்ணும் மட்டும்

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். பாலசிங்கம் தன் கராஜ் முதலாளி இராஜநாயகத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் அவ்வளவு. மனிசி பூரணத்தின் வயிற்று ஒப்பரேசனுக்கு வாங்கின காசு. வட்டிக்குப் பதிலாக அவளே முதலாளி வீட்டுக் குசினியில் சமைக்க நிற்கிறாள், மூன்று வருசமாய், சம்பளமில்லாமல். வாங்கின முதல் தொகையில் ஒரு சதம் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமை யுகேந்திரனின் ஜீப் மூன்றாம் தரமும் கராஜுக்குத் திரும்பி வந்தது. யுகேந்திரன் ரோட்டுக் கொந்தராத்துக்காரன். போன மாதம் பெரிய ஸ்பிரிங் போட்டு ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்திருந்தார்கள். அன்று தொட்டு அது கள்ளுக் குடித்தவன் மாதிரி ரோட்டில் அலைந்தது.

"அண்ணை, கோணல் உங்கட கண்ணிலயோ கையிலயோ?" யுகேந்திரன் கதிரையில் கால்மேல் கால் போட்டபடி கேட்டான். "சல்லிக் கடற்கரையில தோணி கட்டுறவனிட்டக் குடுத்திருந்தாலும் இதை நேராக்கியிருப்பான்."

முதலாளி சிரித்தார். "சிங்கம் கிழடாப் போச்சுது தம்பி. பல்லும் இல்லை, பார்வையும் இல்லை."

பாலசிங்கம் மீன் பிடிக்கிற தங்கூசி நூலைப் பின் ரயரிலிருந்து முன் ரயர் வரைக்கும் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிக் குந்தியிருந்து அளந்தான். சில்லு நேர் பார்க்கிற மெசின் இல்லாத கராஜில் அந்த நூல்தான் மெசின். அளவு சரி. போன இரண்டு தரமும் சரியாய்த்தான் இருந்தது. ஏறி முற்றத்தில் ஓட்டினான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வளைத்துக் கையை விட்டான். திரும்பி வரவேண்டியது வரவில்லை, வளைத்தபடியே கிடந்தது.

கீழே படுத்து உள்ளே ஊர்ந்தான். ஜீப்பை உயர்த்தினால் முன் அச்சின் சரிவு கெட்டுப்போகும், வளைத்த சில்லு தானாய் நேருக்கு வராது. அதைத் திருத்த, ஓட்டை நடுவை விட்டு விலகியிருக்கிற புது றப்பர் புஷ் நாலு போடவேணும். யுகேந்திரன் அதற்கென்று அறுபத்தையாயிரம் கட்டியிருந்தான். பாலசிங்கம் லீவில் நின்ற நாளில் முதலாளி தன் கையாலேயே போட்டதாகச் சொன்னவர். அந்தச் சொல்லை நம்பித்தான் இவன் இவ்வளவு நாளும் நூலோடு மாரடித்தான். இப்போது நகத்தால் சுரண்டினான். கறுப்புப் பெயின்ற் உரிந்து வந்தது. உள்ளே வெடித்த பழைய புஷ், ஓட்டை நட்டநடுவில்.

முதலாளியை ஒயில் பரல் பக்கம் கூப்பிட்டு மெல்லச் சொன்னான்.

"கண்டிட்டியோ," என்றார் முதலாளி. "பார்வை இன்னும் கிடக்குப் போல."

"இது வேகமா ஓடினால் ஆளைக் கொல்லும் முதலாளி. வளைவில திரும்பாது."

"ஸ்டியரிங் பெட்டியில ஒரு ஸ்குரூ இருக்கெல்லோ, அதை இறுக்கு. விட்ட இடத்தில நிக்கும். பத்து எண்ணும் மட்டும் நேராப் போனாப் போதும்."

அது அந்தக் கராஜின் வழக்கம். நிலாவெளி ரோட்டின் நேர்த்துண்டில் வாகனத்தை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்துப் பத்து எண்ணவேணும். வெள்ளைக் கோட்டைத் தொடாவிட்டால் வேலை சரி.

"என்னால ஏலாது முதலாளி."

"ஏலாட்டி விடு. பூரணம் குசினியில நிக்கட்டும். நேற்றுச் சோத்துப் பானையைத் தூக்க ஏலாமல் கீழ வச்சிட்டாளாம். வெட்டின இடம் நோகுதாம். நான் என்ன செய்ய?" முதலாளி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "உன்ர கடன் துண்டு இஞ்சதான் கிடக்கு. தம்பி சந்தோசமாப் போனாக் கிழிப்பன்."

பாலசிங்கம் ஸ்பானரை எடுத்து ஸ்குரூவை இறுக்கினான்.

யுகேந்திரன் ஓட்டினான். தேத்தண்ணி கொண்டுவந்த பூரணத்தையும் முதலாளி பின்னால் ஏறச் சொன்னார். "மனுசன்ர கெட்டித்தனத்தை நீயும் பாரன். நீயே எண்ணு."

"ஸ்டியரிங் இறுக்கமாக் கிடக்கே," என்றான் யுகேந்திரன்.

"புதுப் புஷ் தம்பி. பழகப் பழக இளகும்."

நேர்த்துண்டு வந்ததும் யுகேந்திரன் கையை எடுத்தான். "ஒண்டு ரெண்டு மூண்டு நாலஞ்சு..." பூரணம் மூச்சுவிடாமல் எண்ணினாள்.

"பஸ் பிடிக்கவோ ஓடுறாய்? முதல்ல இருந்து எண்ணு," என்றார் முதலாளி.

அவள் திரும்பவும் தொடங்கினாள். பாலசிங்கம் ரோட்டைப் பார்க்காமல் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வந்தது. ஜீப் கோடு கீறின மாதிரிப் போனது.

கராஜில் இறங்கினதும் யுகேந்திரன் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினான். "முன்ன பகிடிக்குச் சொன்னனான் அண்ணை, மனசில வைக்காதேங்கோ. நாளைக்குப் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு புல்மோட்டைக்குப் போறன். எண்பதில விடலாமோ?"

முதலாளி சட்டைப் பையில் கை வைத்தபடி நின்றார். பூரணம் வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு.

"விடலாம் தம்பி," என்றான் பாலசிங்கம். "நூறில எண்டாலும் விடலாம்."

ஜீப் கேற்றைத் தாண்டினதும் முதலாளி துண்டை நாலாகக் கிழித்துக் கீழே போட்டார். "பூரணம், நாளையில இருந்து நீ வரத் தேவையில்லை."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும் இரண்டு கையையும் கூப்பினாள். "நீங்கள் பிள்ளை குட்டியோட நல்லா இருக்கவேணும் ஐயா," என்று அழுதாள்.

பாலசிங்கம் நாலு துண்டையும் பொறுக்கி ஒயில் துடைக்கிற சீலையில் சுற்றி நெருப்பு வைத்தான். கடைசித் துண்டும் சாம்பலாகும் வரைக்கும் குந்தினபடியே இருந்தான்.