மடிப்புக் கூரை

டெல்லி சரோஜினி நகருக்கு அருகே இருந்த அந்த வங்கிக் கிளையை 1963இல் கட்டியிருந்தார்கள். காகிதத்தை விசிறிபோல மடித்து வைத்தாற்போன்ற கான்கிரீட் கூரை. முகப்பில் பூவேலைத் துளைகளோடு ஜாலிச் சுவர். கூடத்துக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. வங்கி காலி செய்துவிட்டுப் போனதும் இடிப்பு தொடங்கியது. பொன்னி, அவள் கணவன் தர்மன், தம்பி பாலு மூவரும் அங்கே கூலிவேலைக்குப் போனார்கள். தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்பில் அவர்கள் வீட்டை இடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஸ்ம்ருதி என்ற ஆர்க்கிடெக்ட் வந்தாள். டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்; இத்தகைய கட்டடங்கள் மறையுமுன் படம் எடுத்து வைப்பவள். ஆட்கள் கோடிச்சுவரைப் பெயர்ப்பதைக் கண்டதும் சூப்பர்வைசர் அபிஷேக்கிடம் ஓடினாள். மடிப்புகள் விரியாமல் பிடித்திருப்பதே அந்தச் சுவர்தான், முட்டுக் கொடுக்காமல் அதை எடுத்தால் கூரை முழுவதும் விழும் என்று ஹிந்தியில் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் இடம் காலியாக வேண்டும் என்றான் அவன். அவள் விடாமல் பேசவே, கேமராவைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

தமிழில் பேசியபடி கல் சுமந்துகொண்டிருந்த பொன்னியிடம் திரும்பி, அவளும் தமிழில் சொன்னாள்.

"கூரை விழப் போறது. எல்லாரையும் ஜல்தி வெளில கூப்பிடுங்க."

பொன்னி கத்தினாள். உள்ளே டிரில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாசலை நோக்கி ஓடியவளின் கூந்தலை அபிஷேக் பிடித்து இழுத்து, முகத்தில் அறைந்தான். கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான்.

ஜாலிச் சுவரின் துளைகள் வழியே தர்மன் அதைப் பார்த்தான். சம்மட்டியோடு வெளியே பாய்ந்தான். அவனைத் தடுக்க உள்ளே இருந்த நாலு பேர் பின்னால் ஓடிவந்தார்கள். அதற்குள் சம்மட்டி இறங்கி அபிஷேக்கின் தோள் எலும்பு நொறுங்கியது. இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது கூரை நடுவில் பிளந்து மொத்தமாக இறங்கியது.

டிரில்லைப் பிடித்திருந்த பாலு மட்டும் வெளியே வந்திருக்கவில்லை. கடப்பாரையால் நெம்பி அவனை இழுத்தார்கள். வலது கால் தொடைக்குக் கீழே நசுங்கியிருந்தது. பொன்னி தன் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். மருத்துவமனையில் காலை எடுத்துவிட்டார்கள். தர்மனைப் போலீஸ் கொண்டுபோனது.

மாலையில் காண்டிராக்டரின் ஆள் மருத்துவமனைக்கு வந்தான். கூரை விழுந்ததைப் பற்றிப் புகார் கொடுக்காவிட்டால் தர்மன்மேல் கேஸ் இருக்காது என்றான். பொன்னி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ம்ருதியிடம் திரும்பினாள்.

"எழுதுங்கம்மா. எங்க வூட்டுக்காரரு அடிச்சதயும் எழுதுங்க. எதுக்கு அடிச்சாருன்னும் எழுதுங்க."

ஸ்ம்ருதிக்குத் தமிழ் எழுத வராது. ஹிந்தியில் எழுதி, வரிவரியாகப் படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் பொன்னி திருத்தச் சொன்னாள்.

புகார் கொடுத்த நான்காம் நாள் காண்டிராக்டர் கைதானான். தர்மனுக்கு ஜாமீன் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று.