பதினோரு காசு மாத்திரை

திருப்பரங்குன்றத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் மருந்துக்கடை வைத்திருந்த பசுபதிக்கு ஐம்பது வயதில் இரண்டு பெருமைகள் இருந்தன. கடையில் ஒரு காசு கூடுதலாக விற்றதில்லை என்பது முதலாவது. பட்டிமன்றத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பது இரண்டாவது. இவற்றில் எது பெரியது என்று கேட்டால் முதலாவதைத்தான் சொல்வார். ஆனால் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். மனைவி ஸ்யாமளா இதைக் கண்டுபிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கண்டுபிடித்ததோடு விட்டுவிட்டாள்.

எண்பதாம் வருடம் மருந்து விலை குறைந்துகொண்டிருந்தது. டெல்லியில் உத்தரவு போட்டார்கள். இன்னின்ன மருந்தை இன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று பட்டியல் வந்தது. கம்பெனிக்காரர்கள் கட்டுப்படியாகாது என்றார்கள். படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ரயிலில் வாதாடினார்கள். பசுபதி ஒரு கட்சியிலும் சேரவில்லை. புதிய விலைப்பட்டியலைக் கையால் பெரிதாக எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். அதில் ஏழாவது வரி வலிப்பு மாத்திரை. ஒன்று இருபத்தைந்து காசிலிருந்து பதினோரு காசுக்கு இறங்கியிருந்தது. அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினார். நல்லகாமனை நினைத்துத்தான் எழுதினார்.

நல்லகாமன் சமயநல்லூர்க்காரர். வைகைத் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் நெல் வைப்பவர். அவர் மனைவி முத்துத்தாய்க்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரை இரவுக்கு ஒன்று, ஒருநாளும் நிறுத்தக் கூடாது. மாதாமாதம் கார்த்திகைக்கு முருகனைக் கும்பிட வரும் நல்லகாமன், கும்பிட்ட கையோடு பசுபதி கடையில் முப்பது மாத்திரை வாங்கிப் போவார். சமயநல்லூரிலும் மருந்துக்கடை உண்டு. ஆனால் சாமி கும்பிட்ட இடத்தில் வாங்கினால்தான் மருந்து கேட்கும் என்பது அவருடைய கட்சி. கேட்கவும் செய்தது. ஒரு வருடத்துக்கு மேலாக முத்துத்தாய் விழவில்லை.

கார்த்திகை நட்சத்திரம் இருபத்தேழு நாளில் திரும்பி வந்துவிடும். மாத்திரையோ முப்பது. ஒவ்வொரு தடவையும் மூன்று மிஞ்சும். மிஞ்சியதை முத்துத்தாய் அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்துக் குழியில் போட்டு வைக்கிறாள், இப்போது நாற்பது சேர்ந்துவிட்டது என்று நல்லகாமன் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். பசுபதி அதை மறக்கவில்லை. கணக்காக இருக்கிற மனிதர்களை அவருக்குப் பிடிக்கும்.

விலை இறங்கிய பிறகு அந்த மாத்திரை வரத்து கொஞ்சம் மந்தமானது உண்மைதான். கேட்ட பத்து டப்பாவுக்கு இரண்டு வந்தது. பசுபதி தானே மதுரை மேலமாசி வீதிக்குப் போய், மொத்தக் கடையில் ஒரு காலை முழுக்க நின்று, இரண்டு டப்பா வாங்கி வந்தார். முப்பது மாத்திரையை எண்ணி ஒரு கவரில் போட்டு, மேலே சமயநல்லூர் என்று எழுதி, மேசை டிராயரில் வைத்தார். அடுத்த கார்த்திகையன்று நல்லகாமனைப் பார்த்து, விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று சொல்லப்போகிற சந்தோஷம் அவருக்கு இருந்தது.

அந்தக் கார்த்திகையன்றுதான் பட்டிமன்றமும் வந்து சேர்ந்தது.

திருநகர் நலச்சங்கத்தின் ஆண்டு விழா. நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கைலாசநாதன். தலைப்பு: மருந்து விலையை அரசு குறைப்பதால் மக்களுக்கு விளைவது நன்மையா, வேதனையா? பசுபதி பத்து நாளாக நன்மைக்குத் தயார் செய்திருந்தார். கைலாசநாதன் எப்போதும் அணியைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார். பேச்சாளர் என்றால் எந்தப் பக்கமும் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. காலையில் அவர் வீட்டுச் சொம்பில் கைவிட்டு எடுத்ததில் பசுபதிக்கு வேதனை வந்தது. பள்ளி ஆசிரியை அகிலாண்டத்துக்கு நன்மை வந்தது. அவர் இரத்தக்கொதிப்பு மருந்து மூன்று கடையில் கிடைக்காமல் அலைந்துவிட்டு வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மரபு என்று ஒன்று இருக்கிறதே.

புதுப் பேச்சுத் தயாரிக்கப் பசுபதி மதியமே கடையைப் பூட்டினார். சமயநல்லூர்க் கவர் டிராயரிலேயே இருந்தது. மூன்று மணிக்கு வந்த நல்லகாமன் பூட்டைப் பார்த்தார். பக்கத்துத் தேங்காய்க் கடையில் விசாரித்தார். திருநகரில் மேடையில் பேசப் போயிருக்கிறார் என்றார்கள். தேங்காய்ப்பழப் பையோடு நடந்தே திருநகர் போய்ச் சேர்ந்தார்.

பசுபதி அன்று பேசியது பன்னிரண்டு நிமிடம். அவர் வாழ்க்கையிலேயே அப்படிப் பேசியதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அகிலாண்டம் ஒன்பது புள்ளிவிவரம் சொல்லி அமர்ந்த சூட்டோடு பசுபதி எழுந்தார். விலையைக் குறைத்தார்கள், மாத்திரை கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று ஆரம்பித்தார். பந்தல் சிரித்தது. உதாரணம் வேண்டியிருந்தது. கைக்கு நெருங்கிய உதாரணம் வலிப்பு மாத்திரை.

"நாலு மாசி வீதியும் சுற்றி வாருங்கள். நாலு சித்திரை வீதியும் சுற்றி வாருங்கள். இந்த மதுரையில் ஒரு வலிப்பு மாத்திரை கிடைக்காது. நான் மருந்துக்கடைக்காரன், சொல்கிறேன். பதினோரு காசுக்கு ஒருவன் கொடுத்தால் வாங்காதீர்கள். அது மாத்திரை இல்லை, சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவிக்கொள்ளுங்கள்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. கைதட்டலுக்கு நடுவே பந்தலின் கடைசி மூங்கிலுக்குப் பக்கத்தில் துண்டும் பையுமாக நின்ற நல்லகாமனைப் பசுபதி பார்த்தார். நல்லகாமன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு கும்பிடு போட்டார். பசுபதிக்குப் புல்லரித்தது. விவசாயி ஒருவர் இவ்வளவு தூரம் வந்து கேட்கிறார் என்று நினைத்து, கடைசி இரண்டு நிமிடத்தை இன்னும் உருக்கமாகப் பேசினார். வேதனையே என்று கைலாசநாதன் தீர்ப்புச் சொன்னார். சால்வையும் எவர்சில்வர் சொம்பும் கொடுத்தார்கள். கீழே இறங்கி வருவதற்குள் நல்லகாமன் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் டிராயரைத் திறந்தபோதுதான் கவர் கண்ணில் பட்டது. பசுபதிக்குச் சுருக்கென்றது. உடனே அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்தது. நாற்பது இருக்கிறது, நாற்பது நாளுக்குக் கவலையில்லை, அடுத்த கார்த்திகை இருபத்தேழு நாளில் வந்துவிடும். மனது அடங்கிவிட்டது. கணக்குத் தெரிந்தவனுக்கு நிம்மதி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்.

அடுத்த கார்த்திகைக்கு நல்லகாமன் வரவில்லை. அறுப்பு நேரம், வந்திருக்க மாட்டார், இன்னும் பதின்மூன்று நாளுக்கு இருக்கிறது என்று பசுபதி சொல்லிக்கொண்டார். பதின்மூன்று நாளும் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பதினான்காம் நாள் கடையைப் பூட்டிவிட்டு, கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியார் பஸ் நிலையம் போய், அங்கிருந்து சமயநல்லூருக்குப் பாண்டியன் போக்குவரத்து பஸ் ஏறினார். பஸ்ஸில் ஒருவர் பட்டிமன்றப் பேச்சாளர் என்று அடையாளம் கண்டுகொண்டு உட்கார இடம் கொடுத்தார்.

ரயில்பாதையை ஒட்டின தெருவில் வீடு. முத்துத்தாய் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரலிலிருந்து முழங்கை வரைக்கும் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நல்லகாமன் அவரைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதுதான் பசுபதிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நடந்ததை நல்லகாமன் ஒரு குறையும் இல்லாமல் சொன்னார். பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்றே இருவரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இனிமேல் மதுரையில் மாத்திரை கிடையாது. இருப்பதை வைத்து எவ்வளவு நாளைக்கு ஓட்டலாம்? ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் இரட்டிப்பு நாள் வரும். முத்துத்தாயேதான் அந்த யோசனையைச் சொன்னாள். பதினெட்டாம் நாள் சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். கை அடுப்புக்குள் போய்விட்டது. அஞ்சறைப்பெட்டியில் அப்போது முப்பத்தொன்று மீதி இருந்தது.

பசுபதியின் கணக்கில் தப்பே இல்லை. நாற்பது மாத்திரை நாற்பது நாளைக்குத்தான். அவள் அந்தக் கணக்குப்படி சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சமயநல்லூர்க் கடையில் கேட்டிருக்கலாமே என்று பசுபதி சொல்லிப் பார்த்தார்.

"கேட்டேண்ணே. இருக்குன்னான். பதினோரு காசுன்னான். அப்பிடியே திரும்பிட்டேன். நீங்க சொல்லலேன்னா ஏமாந்திருப்பேன்" என்றார் நல்லகாமன்.

பசுபதிக்கு வெட்கமாக இருந்தது. சபையில் தடுமாறினால் வருகிற வெட்கம் அவருக்குத் தெரியும். இது வேறு மாதிரி. சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தார். இதுவும் அதே மாத்திரைதான், இதுவும் பதினோரு காசுதான், நல்ல மாத்திரை, உங்களுக்காகவே எடுத்து வைத்திருந்தேன் என்றார். இருவரும் கவரைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

பட்டிமன்றம் என்றால் என்ன என்று பசுபதி விளக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் உண்டு, யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், எடுத்த பக்கத்தைப் பேச வேண்டும், அது ஒரு மரபு. நல்லகாமன் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சீட்டு மாறி விழுந்திருந்தா மாத்திரை இருக்குன்னு பேசியிருப்பீகளா?"

"ஆமா. அதைத்தான் பேசறதா இருந்தேன்."

"அப்ப ரெண்டுல எதுண்ணே நெசம்?"

"இருக்குங்கறதுதான் நிஜம். வரத்து கொஞ்சம் கம்மி. ஆனா இருக்கு, நல்ல சரக்கு."

நல்லகாமனுக்குப் பசுபதி மேல் கோபமில்லை. இக்கட்டில் மாட்டியிருக்கிற நல்ல மனிதரைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால மைக்குல சொன்னீக. இப்ப எங்க ரெண்டு பேரு கிட்டச் சொல்றீக. எங்க மேல எரக்கப்பட்டுச் சொல்றீகன்னு தெரியுதுண்ணே."

பசுபதி விடவில்லை. அரை மணி நேரம் பேசினார். அரசாங்கம் எப்படி விலையை நிர்ணயிக்கிறது, கம்பெனிக்கு அடக்க விலை என்ன, விலை குறைந்தால் சரக்கு குறையாது என்பதற்கு என்ன ஆதாரம் என்று எல்லாம் சொன்னார். அகிலாண்டத்தின் ஒன்பது புள்ளிவிவரத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். பத்து நாள் தயார் செய்த நன்மைப் பேச்சு முழுக்க அந்தக் கயிற்றுக் கட்டிலுக்கு முன்னால் வந்துவிட்டது. நன்றாகவும் வந்தது. முடித்ததும் நல்லகாமன் தலையை ஆட்டினார்.

"இதுவும் நல்லாத்தேன் பேசுறீக. ஆனா அன்னைக்கு மாதிரி வரலண்ணே."

முத்துத்தாய் இடது கையால் கவரைத் தள்ளி வைத்தாள். "சுண்ணாம்பத் தின்னுட்டு மறுபடி அடுப்புல விழவா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் சுற்றின துணியில் மஞ்சளாக ஊறியிருந்த இடத்தைப் பசுபதி பார்த்தார். இன்றைக்கு இரவு மாத்திரை உள்ளே போக வேண்டும், நாளை இரவும் போக வேண்டும். அதற்கு மேல் அவருக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை. எழுந்து, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"சரி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது பதினோரு காசு மாத்திரை இல்லே. பழைய சரக்கு. பழைய விலை. எனக்குத் தெரிஞ்ச எடத்துல ரகசியமா வாங்கினது. வெளியே தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்."

அதற்குப் பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. நல்லகாமன் மனைவியைப் பார்த்தார். அவள் இடது கையை நீட்டினாள். அவரே தண்ணீர் எடுத்துக்கொடுத்தார். பசுபதியின் கண்முன்னாலேயே ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

"பழைய வெலைதான?" என்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"பழைய விலைதான்" என்றார் பசுபதி. தினமும் ஒன்று, ஒருநாளும் விடக் கூடாது, தீர்ந்தால் இன்னும் இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். நல்லகாமன் உள்ளே போய், தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து, ஏழு ரூபாய் ஐம்பது காசை எண்ணிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வேண்டாம் என்றால் மாத்திரை சுண்ணாம்பாகிவிடும். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கூடுதல் விலைக்கு விற்றார்.

அதற்குப் பிறகு நல்லகாமன் எந்தக் கார்த்திகையும் தவறவில்லை. வாசலில் தொங்கும் பட்டியலுக்கு நேர்கீழே நின்று முப்பது மாத்திரையை இருபத்தைந்து காசு வீதம் வாங்கிப் போவார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஏழாவது வரியைப் பார்ப்பார், பிறகு பசுபதியைப் பார்ப்பார். அந்தச் சுண்ணாம்பெல்லாம் மற்றவர்களுக்கு என்கிற மாதிரி லேசாகச் சிரிப்பார். கூடுதலாக வருகிற நாலு ரூபாய் இருபது காசுக்குப் பசுபதி தீக்காயக் களிம்பு ஒரு டியூப் எடுத்துக் கூடவே போட்டுக் கொடுப்பார். மாத்திரையோடு வருவது, காசில்லை என்பார். முதல்தரமான சரக்கு என்றால் இப்படித்தான் கூடக் கொடுப்பார்கள் என்று நல்லகாமன் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்துத்தாய் அப்புறம் விழவில்லை. காயமும் ஆறியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டன.

தை மாதம் கைலாசநாதன் திருமங்கலத்தில் அதே தலைப்புக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை சீட்டே வேண்டாம், வேதனை உங்களுக்குத்தான் என்று சொல்லியனுப்பினார். பசுபதி தொண்டை சரியில்லை என்று பதில் சொன்னார். அந்தக் கார்த்திகையன்று மாத்திரை வாங்கிய நல்லகாமன் அடுத்து எங்கே பேச்சு என்று விசாரித்தார். பேசுவதை விட்டுவிட்டேன் என்றார் பசுபதி.

நல்லகாமனுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

"விட்றாதீகண்ணே" என்றார். "உங்கள மாதிரி ஆளுக நாலு பேரு எடுத்துச் சொன்னாத்தான எங்கள மாதிரி ஆளுகளுக்கு வெவரம் தெரியுது."

பசுபதி களிம்பைக் கவருக்குள் போட்டு, வாயை மடித்து, அவர் கையில் கொடுத்தார்.