இடதுபக்க ஸ்பீக்கர்

ஆரின் டோலஃப்சன் வேலை நேரம் முழுவதையும் காரில் ஓட்டுநர் உட்காராத இருக்கையில்தான் கழித்தார். க்ரூக்ஸ்டனுக்கு மேற்கே, சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு ஊடே போகும் தபால் தடம் அவருடையது. ஸ்டியரிங் இடப்பக்கம், தபால்பெட்டிகள் சாலையின் வலப்பக்கம். அதனால் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பெட்டிக்குள் தபாலைத் தள்ளுவார். முன்னிருக்கை பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும் பழைய ப்யூக் கார் அதற்குத் தோதாக இருந்தது. ஓட்டுகிறவர் இடம் காலியாக ஒரு கார் வருவதைப் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் திகைப்பார்கள். ஊர்க்காரர்கள் கையை மட்டும் தூக்குவார்கள்.

மனைவி பானி விவாகரத்து வாங்கிக்கொண்டு வெயில் ஊரான அரிசோனாவுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சண்டை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. "இந்தக் குளிரையும் உன் மௌனத்தையும் சேர்த்துத் தாங்க என்னால ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு என்பது தொலைக்காட்சிதான். காரில் அதுவும் இல்லை. ரேடியோவைத் திருப்பினால் கோதுமை விலை, அதை விட்டால் பிரசங்கம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நூலகத்தில் யாரோ வாசித்துப் பதிவு செய்த புத்தகங்கள் கிடைப்பதைக் கண்டுபிடித்தார். கைக்குள் அடங்கும் ஒரு பாட்டுப்பெட்டியை வாங்கி அதில் ஒரு புத்தகத்தை ஏற்றிக்கொண்டார். தென்துருவத்துக்குக் கப்பலில் போனவர்களின் கதை அது. ஆனால் அதைக் காரில் கேட்க வழியில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த ரேடியோவில் சிடி போடலாமே ஒழிய வெளியிலிருந்து எதையும் செருக ஓட்டை கிடையாது. ஊரில் இருந்த கடைக்காரன், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம் சார்" என்றான். நன்றாக இருக்கிற ரேடியோவைப் பிடுங்குவதற்கு ஆரினுக்கு மனசு வரவில்லை.

கார்ப் பித்தர்கள் கூடிப் பேசும் ஓர் இணையப் பக்கத்தில் கேள்வியைப் போட்டார். பதில் எழுதியவர் ஜீன் குபிசெக். கிழக்கே தள்ளி பெமிஜி என்ற ஊரில் இருப்பவர், காகித ஆலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன வழி இதுதான்: ரேடியோவைக் கழற்றி மூடியைத் திறக்க வேண்டும். சிடியின் ஒலி வந்து சேரும் இடத்தில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி, கிரவுண்டுக்கு இன்னொன்றைச் சேர்த்து, மூன்றையும் வெளியே இழுத்துச் சின்ன சாக்கெட்டில் முடிக்க வேண்டும். பிறகு சத்தமே பதியாத ஒரு சிடியை உள்ளே ஓடவிட்டால் போதும். சிடிதான் பாடுகிறது என்று ரேடியோ நம்பிக்கொண்டு, சாக்கெட்டில் வருவதை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

ஆரின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துப் போட்டார். ஜீன் பொறுமையாகப் பத்தி பத்தியாக எழுதினார். "கை நடுங்கினா முழங்கையை மேசைல ஊனிக்குங்க ஆரின். நான் இன்னும் அப்படித்தான் பண்றேன்." வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் நிற்பது ஆரினுக்குப் பழக்கமாகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒட்டும் வேலை முடிந்தது. கராஜுக்குள் காரில் உட்கார்ந்து சாக்கெட்டில் செருகினார். பனிக்கடலில் சிக்கிக்கொண்ட கப்பலைப் பற்றி ஒரு மனிதர் கனத்த குரலில், இரண்டு பக்கமும் தெளிவாக, அவருக்காகவே சொல்வதுபோல் சொன்னார். ஆரின் தனியாகச் சிரித்தார். உள்ளே ஓடிப்போய், "வேலை செய்யுது. ரொம்ப நன்றி ஜீன்" என்று தட்டினார்.

அனுப்பும் பொத்தானை அழுத்தப்போன விரல் நின்றது. அந்தப் பக்கத்தில் பழைய பேச்சுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாமே இப்படித்தான் முடிந்திருந்தன: வேலை செய்கிறது, நன்றி; நல்லது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

எழுதியதை அழித்தார். "இடதுபக்க ஸ்பீக்கர்ல சத்தம் வரல" என்று எழுதினார்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆரின் எழுதியதில் எல்லாம் அந்த இடது ஸ்பீக்கர் படாத பாடு பட்டது. ஒரு நாள் சத்தமே இல்லை. ஒரு நாள் இரைச்சல். குளிரில் வரும், வண்டி சூடானால் போகும். ஜீன் கையால் படம் வரைந்து போட்டார். "எனக்குச் சோறே இறங்கல ஆரின். எங்கயோ ஏதோ சின்ன விஷயம் என்னை ஏமாத்துது" என்று எழுதினார். அதை ஆரின் இரண்டு தடவை படித்தார். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, "இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா பள்ளத்துல இறங்கினா விட்டுப்போகுது" என்று எழுதினார்.

மார்ச் மாதம் ஜீனிடமிருந்து சின்னதாக ஒன்று வந்தது: "சனிக்கிழமை என் மனைவியோட அக்கா வீட்டுக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ் போறோம். உங்க ஊர் வழிதான். நானே வந்து பாத்துடறேன்."

வேண்டாம் என்று எழுத ஒரு காரணமும் ஆரினுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தபால் வேலை முடிந்ததும் கராஜில் ரேடியோவை மறுபடி வெளியே எடுத்து, தான் அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய இடது கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். ஏதோ உயிருள்ளதை வெட்டியதுபோல் இருந்தது. பிறகு வீட்டைப் பெருக்கினார். பேக்கரியில் எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு வாங்கி வைத்தார்.

ஜீன் குட்டையான, தடித்த மனிதர். கை குலுக்கும்போதே கண் காரைத் தேடியது. "இதுவா?" என்றார்.

"ஆமா. வாங்க, முதல்ல காபி..."

"அப்புறம்."

அவ்வளவுதான். பத்தி பத்தியாக எழுதிய மனிதர் ரேடியோவை வெளியே இழுப்பதற்குள் "ம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. ஆரின் பக்கத்தில் நின்று குளிரைப் பற்றி ஒன்று சொன்னார். "ம்." சாலையைப் பற்றி ஒன்று கேட்டார். "ம்." இந்தப் பேச்சுக்காகவா அந்தக் கம்பியை வெட்டினோம் என்று நினைத்தபடி, வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்த ஜீனின் மனைவி டார்லீனைக் கூப்பிடப் போனார்.

"அப்பாடா, கூப்பிட்டீங்களே" என்று அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "பெமிஜியிலேர்ந்து இங்க வரைக்கும் அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. பெட்ரோல் போடணும்னு."

சமையலறையில் எலுமிச்சை பாரைக் கடித்துக்கொண்டே ஆரினை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை நான் உசரமா நினைச்சிருந்தேன். உங்களைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்."

"என்னைப் பத்தியா?"

"நீங்க எழுதறதை எல்லாம் சாப்பாட்டு மேசைல உக்காந்து படிச்சுக் காட்டுவார். 'ஆரினுக்கு இன்னிக்கு இரைச்சலாம் டார்லீன்.' நான், 'குளிரு காரணமா இருக்குமோ'ங்கறேன். 'நானும் அதைத்தான் யோசிக்கறேன்'ங்கறார். பசங்க வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து நாங்க மேசைல இவ்வளவு பேசினதே இல்ல. எனக்கு ஸ்பீக்கரும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது." காபியைக் கலக்கிக்கொண்டே கொஞ்சம் நிறுத்தினார். "இது இன்னிக்குச் சரியாயிடும்னு வெச்சுக்குங்க. நாளைக்குச் சாப்பிடறப்போ என்ன பேசறதுன்னுதான் வரும்போது யோசிச்சுட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஆரினால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

"ஆரின்!" என்று கராஜிலிருந்து குரல் வந்தது.

ஜீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தார். திறந்த ரேடியோவுக்குள் விரலால் காட்டினார். "ஒட்டினது நல்லா ஒட்டியிருக்கீங்க. எல்லாமே சுத்தம். இது விட்டுப்போனது இல்ல. வெட்டினது."

ஆரின் தரையைப் பார்த்தார். "ஆமா. நேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"நல்லாத்தான் கேட்டுச்சு. முதல் நாள்லேர்ந்தே."

ஜீன் கையிலிருந்த துணியில் விரல்களைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். "நான் படம் எல்லாம் வரைஞ்சேனே."

"தெரியும். பண்ணியிருக்கக் கூடாது."

"எதுக்குப் பண்ணீங்க?"

"சரியாயிடுச்சுன்னு எழுதினா அப்புறம் நீங்க எழுத மாட்டீங்க."

ஜீன் அதை ஒரு பழுதைப் பார்ப்பதுபோல யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஆமா" என்றார். "எழுதியிருக்க மாட்டேன்."

பிறகு முழங்கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு இடது கம்பியை மறுபடி ஒட்டினார். ரேடியோ உள்ளே போனது. கப்பல் கதை சொல்பவரின் குரல் இரண்டு பக்கமும் எழுந்தது. டார்லீனும் சமையலறையிலிருந்து வந்து சேர, மூவரும் குளிரில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்கள்.

"என்னதான் கோளாறு?" என்றார் டார்லீன்.

ஜீன் ஆரினைப் பார்க்கவில்லை. "ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது."

"அவ்வளவுதானா?" அந்த அம்மாளின் முகம் சட்டென்று வாடியது. மிச்சமிருந்த எலுமிச்சை பாரை ஆரின் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கார் திரும்பி நெடுஞ்சாலை ஏறும்வரை வாசலில் நின்றார். கண்ணாடிக்குள் இரண்டு தலைகளும் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தன.

மாலையில் அந்த இணையப் பக்கத்தில், "வேலை செய்யுது. நன்றி ஜீன்" என்று எழுதினார். "நல்லது" என்று வந்தது.

தென்துருவக் கதை மார்ச் முடிவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த புத்தகத்தை ஏற்றிக்கொண்டார். நல்ல குரல்தான். ஆனால் சில சமயம் ஒரு அத்தியாயம் முழுக்கக் கேட்காமலே ஓடியிருக்கும். காது மட்டும் திறந்திருக்கும், மனசு வயல்மேல் போயிருக்கும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, டைரக்டரியில் எண்ணைத் தேடி ஃபோன் போட்டார். ஜீன்தான் எடுத்தார்.

"என்ன ஆரின், மறுபடி இரைச்சலா?"

"இல்ல, இல்ல. நல்லாருக்கு. சும்மாதான்."

"ஓ." ஃபோனை யாரும் வைக்கவில்லை. "இங்க ஏரில பனி உடையுது."

"இங்க ஆத்துல தண்ணி ஏறுது. நாளைக்குச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"பாத்துப் போங்க."

"சரி. டார்லீன் கிட்ட விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

வைத்த பிறகும் ஆரின் ஃபோன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டார்லீனின் அக்கா வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போய், சுற்றுவழியில் ஓடிக் கார் முழுக்க அப்பியிருந்த சேற்றைக் கழுவ ஆரம்பித்தார்.