முதல் நாளுக்கு மட்டும்

எங்கள் பயிற்சி அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டடப் பராமரிப்புக்காரர்கள் இரக்கப்பட்டு, ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடற்கரைப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஒன்பது வருடமாக அதே அலையைப் பார்க்கிறேன். இன்னும் கரைக்கு வந்து சேர்ந்தபாடில்லை.

இங்கே நான் நடத்துவது ஒரே பாடம். ஒரு சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டிக் காட்டும் மென்பொருளுக்குப் பெயர் சிமுலேட்டர். அதற்குத் தெரியாத வேலைகளை சி மொழியில் ஃபங்ஷன் என்ற சிறு துண்டுகளாக எழுதி அதோடு எப்படி இணைப்பது என்று இன்ஜினியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பேச்சு இதுதான்: "நீங்க எழுதின ஃபங்ஷன் ஓடிட்டிருக்கற வரைக்கும் சிமுலேட்டருக்குள்ள நேரம் நகராது. வேலை முடிஞ்சதும் மரியாதையா வெளிய வந்துடணும். வரலைன்னா எல்லாம் அப்படியே நிக்கும்." இதை நாற்பது தடவை சொன்னவள் மட்டும் வெளியே வரவில்லை.

என் கணவரும் ஏழு வயது மகளும் இருப்பது ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி. அந்த ஊரிலும் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கிளை உண்டு. மாற்றல் கேட்டு நான்கு முறை எழுதினேன். "உங்களை விட்டா யாரும்மா இருக்கா?" என்று புகழ்ந்தே மேனேஜர் நான்கு முறையும் கையை விரித்தார். ஐந்தாம் முறை, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த நாற்பத்தொன்றாவது வகுப்பு வெள்ளிக்கிழமை முடிகிறது. சனிக்கிழமை காலை ரயில். பல் தேய்க்கிற கோப்பையில் எனக்கென்று ஒரு புது பிரஷ்ஷை மகள் வைத்துவிட்டாளாம்.

இன்று புதன், வகுப்பின் முதல் நாள். பதினான்கு பேர். அதில் ஒருவருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் சந்தேகம். ஐம்பதைத் தொடப்போகிற மனிதர், வேறு துறையிலிருந்து வந்தவர். விரல் மெதுவாகத்தான் ஓடும், கேள்வி மட்டும் பறக்கும்.

பயிற்சி சுலபமானது. ஒரு சர்க்யூட்டில் பிழை வயர் என்று ஒன்று. தவறு நடந்தால் அதில் ஒன்று வரும், நடக்காவிட்டால் பூஜ்யம். நான் கொடுக்கும் சி ஃபங்ஷன் அந்த வயரைக் கண்காணித்து, பூஜ்யமாக இருந்தால் 'எல்லாம் சரி' என்று எழுதும்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம்."

"சின்னதாவே கேளுங்க."

"எனக்கு எல்லாம் சரின்னு வருது."

"சந்தோஷம். அப்புறம் என்ன?"

"நான் பிழை வயரை இணைக்கவே மறந்துட்டேன் மேடம். அது எங்கயும் சேராம அந்தரத்துல தொங்குது. அப்பவும் எல்லாம் சரின்னா எப்படி?"

நாலு வார்த்தை சூடாகக் கொடுக்கலாம் என்று போனேன். திரையைப் பார்த்ததும் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

சிமுலேட்டரில் ஒரு வயர் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ மட்டும் இருப்பதில்லை. 'தெரியாது' என்றும் இருக்கும். அதையும் கேட்டு வாங்க முறையான வழி உண்டு. ஆனால் எண்ணாகக் கொடு என்று கேட்டால், தெரியாததையும் பூஜ்யம் என்றே கொடுத்துவிடும்; என் ஃபங்ஷனும் 'எல்லாம் சரி' என்று எழுதிவிடும். முதல் நாளே குழப்ப வேண்டாம் என்று நான் எண்ணாகவே கேட்டிருந்தேன். மேலே 'முதல் நாளுக்கு மட்டும்' என்று ஒரு குறிப்பு வரியும் போட்டிருந்தேன். முறையான வழி நான்காம் நாள் பாடத்தில் இருந்தது. ஐந்து வருடம் முன்பு, ஐந்து நாள் வகுப்பை மூன்று நாளாகச் சுருக்கச் சொன்னார் மேனேஜர். சுருக்கியது நான்தான். நான்காம் நாளை வெட்டும்போது அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

சந்தேகம் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அது... பயிற்சிக்காக அப்படி வெச்சிருக்கு. கண்டுக்காதீங்க" என்றேன்.

மதியம் சாப்பிடப் போகவில்லை. நிறுவனத்தின் எல்லாத் திட்டக் கோப்புகளிலும் அந்தக் குறிப்பு வரியைத் தேடினேன். பதினோரு இடங்களில் கிடைத்தது. என்னிடம் படித்துவிட்டுப் போன மகான்கள் ஃபங்ஷனை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். 'முதல் நாளுக்கு மட்டும்' என்ற வரியைக்கூட அழிக்கவில்லை. படித்திருந்தால்தானே அழிப்பதற்கு! பதினொன்றில் ஒன்று, இந்த வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்குப் போகிற சிப்.

சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது, மறைப்பானேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்படியே ஏதாவது ஆனாலும் அது தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் நான் என் வீட்டில் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருப்பேன். இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மதிய வகுப்பில் சந்தேகத்தின் பின்னால் போய் நின்றேன். நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'வயர் இணைக்காவிட்டாலும் பரவாயில்லை. மேடம் சொன்னது.' காலையிலிருந்து எதையும் நம்பாத மனிதர், நான் சொன்ன ஒரே பொய்யை நம்பி அடிக்கோடும் போட்டிருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அதை அடிச்சிடுங்க சார். நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். உடனே போனை எடுத்து வெள்ளிக்கிழமை சிப்பை நிறுத்தச் சொன்னார்.

"நல்ல வேளைம்மா, பெரிய தலைவலி தப்பிச்சுது. அது சரி, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பீங்க?"

"மூணு நாளாச் சுருக்கினதுக்கு அப்புறம் முந்நூறு பேர் இருக்கும் சார்."

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். பழையபடி அஞ்சு நாள் வகுப்பு."

"வேற யாராவது எடுக்கட்டுமே சார். நான் குறிப்பெல்லாம் எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

"ஓட்டை எங்கெங்க இருக்குன்னு உங்களுக்குத்தானேம்மா தெரியும்? உங்களை விட்டா யாரு இருக்கா?"

மேஜைமேல் இருந்த என் மாற்றல் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "ரத்துன்னு நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப்போடுவோம்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"இப்ப எப்படிச் சொல்றது? தெரியல."

கீழே வந்தேன். எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். போன் அடித்தது, மகள்.

"அம்மா, சனிக்கிழமை வந்துடுவல்ல?"

"தெரியலடா கண்ணு."

அவள் அப்பாவிடம் திரும்பிச் சொல்வது கேட்டது. "அம்மா வரலையாம்ப்பா."

"வரலைன்னு சொல்லல குட்டி. தெரியலைன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

இல்லை என்று நிரூபிக்க ஐந்து நாள் பாடமே என்னிடம் இருந்தது.

"அப்ப உன் பிரஷ்ஷை அதோட அட்டையிலயே திரும்பப் போட்டு வெச்சிடட்டுமா? தூசி படாம இருக்கும்."

சரி என்றேன்.