பல் பட்ட கரண்டி

பிளாட்டன் குஸ்மிச்சிடம் பதினொரு வெள்ளித் தேநீர்க் கரண்டிகள் இருந்தன. ஜார் காலத்தவை. காம்பில் கறுப்பில் இழைத்த பூங்கொடி வேலைப்பாடு, பின்புறம் அசல் வெள்ளிக்கான 84 என்ற முத்திரை. நீல வெல்வெட் பெட்டியில் பன்னிரண்டாவது குழி மட்டும் காலி. அந்தக் குழியை நிரப்ப மனிதர் இருபது வருஷம் பீட்டர்ஸ்பர்க் சந்தைகளில் செருப்புத் தேய அலைந்தார். அந்தக் கிறுக்கில் பெற்ற மகளையே பகைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் பேரன் தீமாவுக்கு முதல் பல் முளைத்தது. முதல் பல்லுக்கு வெள்ளிக் கரண்டி கொடுப்பது வழக்கம். பதினொன்றைப் பூட்டி வைத்திருக்கிற தாத்தா என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பதினொன்று பத்தாகிவிடுமே என்று மனிதருக்கு மனசு வரவில்லை. கடையில் முலாம் பூசிய கரண்டி ஒன்றை வாங்கி ரிப்பன் கட்டிக் கொண்டுபோனார். அதுவும் யாரிடம்? எந்தக் கரண்டியைக் கண்டாலும் திருப்பி முத்திரை பார்க்கச் சின்ன வயதிலேயே அவர் பழக்கிவைத்த மகளிடம்.

உல்யானா விருந்தாளிகள் முன்னால் ரிப்பனை அவிழ்த்தாள். கரண்டியைத் திருப்பினாள்.

"84 எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்துப் பெண் குழந்தை பிறந்து, அதற்கு வார்யா என்று பெயர் வைத்ததுகூட ஊரார் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, உதெல்னயா சந்தையில் பழம்பொருள் விற்கும் கிளாஃபிரா அவரைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க பிளாட்டன் குஸ்மிச். முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டே பார்த்தா விழுந்துருவீங்க."

துணியைப் பிரித்து ஒரு கரண்டியை எடுத்து நீட்டினாள். அதே கொடி, அதே பட்டறை முத்திரை. அவர் லென்ஸை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஆனால் கரண்டியின் விளிம்பில் நாலைந்து சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"பல்லு," என்றாள் கிளாஃபிரா. "ஏதோ குழந்தை கடிச்சுத் துவைச்சிருக்கு. நம்ம ஆளு அரை மணி நேரத்துல தட்டி நிமித்திருவான். அப்புறம் வித்தியாசமே தெரியாது."

அவர் கட்டைவிரலால் பள்ளங்களைத் தடவிப் பார்த்தார். அவருடைய பதினொன்றில் ஒரு கீறல் கிடையாது. ஒரு குழந்தையின் வாயையும் அவை பார்த்ததில்லை.

"இன்னொண்ணு. போன வாரம் உங்க உல்யானா வந்தா," என்றாள் கிளாஃபிரா. "வார்யாவுக்குக் கீழ்ப்பல்லு எட்டிப் பார்க்குதாம். வெள்ளிக் கரண்டி இருக்கான்னு கேட்டா. இல்லைன்னுட்டேன். நீங்க செய்ய வேண்டியத நான் ஏன் செய்யணும்?"

மகள் அந்நியர் கடையில் கரண்டி தேடியிருக்கிறாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எவனோ ஒரு தாத்தா, செட் குலையுமே என்று கணக்குப் பார்க்காமல், நூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரண்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

"தட்ட வேண்டாம் கிளாஃபிரா."

"இருபது வருஷம் என் உயிரை வாங்கிட்டு, பல்லோடயா கொண்டுபோறீங்க?"

"பல்லோடதான்."

நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மகள் வீட்டு ஐந்து மாடியும் ஏறினார். மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த உல்யானாவின் இடுப்பில் வார்யா. பின்னால் தீமா.

"என்ன விஷயம்?"

"வார்யாவுக்குப் பல்லு…"

"தீமாவுக்கு இருபது பல்லு வந்தாச்சு. உங்க கரண்டி இல்லாமலே."

சரியான அடி. பெட்டியைத் திறந்து நீட்டினார். பன்னிரண்டு குழியும் நிறைந்திருந்தது.

"ரெண்டு எடுத்துக்கம்மா. உனக்குப் பிடிச்சது எதுவானாலும் சரி. தீமாவுக்கும் சேர்த்து."

உல்யானாவின் கை தானாக எழுந்தது. பாதியிலேயே நின்றது. பெட்டி வாசற்படிக்கு நேர் மேலே இருந்தது.

"வாசப்படிக்கு மேல நான் எதுவும் வாங்க மாட்டேன்," என்றாள். "கொடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் சண்டை வரும். இருக்கிற சண்டை போதாதா?"

அவ்வளவுதான் என்று நினைத்தார். பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? வாங்கணும்னா நீங்க உள்ள வந்தாத்தானே முடியும்? பூட்ஸைக் கழட்டுங்க. தரை இப்பத்தான் துடைச்சேன்."

மனிதருக்குப் பூட்ஸ் கயிறு அவிழவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றால் முடிச்சு எப்படித் தெரியும்? தீமாதான் குந்தி உட்கார்ந்து இழுத்துவிட்டான்.

சமையலறையில் உல்யானா ஒவ்வொரு கரண்டியாகத் திருப்பிப் பார்த்தாள். பழக்கம் விடுமா? எல்லாவற்றிலும் 84. கடைசிக் கரண்டியில் அவள் விரல் நின்றது.

"இது கடிச்சதுப்பா."

"ஆமா."

"நிமித்தாம விட்டுட்டீங்களே? நீங்களா?"

"குழந்தை கடிக்கத்தானே கரண்டி," என்றார் அவர். "எனக்கு உறைக்க மூணு வருஷம் ஆச்சு. தப்பு என்மேலதான் உல்யா."

அவள் அடுப்பில் கெட்டிலை ஏற்றினாள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஆளுக்கொரு வெள்ளிக் கரண்டி போட்டு வைத்தாள், ஒன்று அவருக்கு. தீமா தனக்கென்று ஒரு கரண்டியைப் பொறுக்கி நேரே செர்ரி ஜாமில் விட்டான். பல் பட்ட கரண்டி வார்யாவின் கைக்குப் போனது. அவள் அதை வாயில் திணித்து, இருந்த ஒரே பல்லால் கடித்தாள். டிக் என்று சத்தம் கேட்டது.

பிளாட்டன் குஸ்மிச்சால் சும்மா இருக்க முடியவில்லை. கரண்டியை மெல்ல வாங்கி, லென்ஸை வைத்து விளிம்பு முழுக்கத் தேடினார். உல்யானா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"புதுசா ஒரு பள்ளமும் விழல," என்று கரண்டியைப் பேத்தியின் கையில் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடி, கண்ணு."