நாற்பத்தொரு வருடத் தூசி

கொட்டகையின் உள்சுவரில் ஒட்டியிருந்த தாளில் மூன்று கட்டளைகள் இருந்தன. தொடாதே. ஊதாதே. தும்மாதே. மூன்றாவதற்கு மட்டும் மை வேறு நிறம். முதல் இரண்டும் போதாது என்று ஒரு வாரம் கழித்துத் தோன்றியிருக்கிறது.

இத்தனை மரியாதையும் உள்ளே நின்ற பழைய ஜீப்புக்கு என்று நினைத்தால் தப்பு. ஜீப்பின் மேல் படிந்திருந்த தூசிக்கு.

மேடு பள்ளம் ஏறும் பழைய வண்டிகளை வாங்கிப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது. அதில் இரண்டு வகுப்பு. துருவைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்துகிறவர்கள் கீழ் வகுப்பு. எங்கேயோ மூலையில் பல காலம் கிடந்த வண்டியைக் கண்டுபிடித்து, தூசிகூடத் தட்டாமல் கிடந்தபடியே வைத்திருக்கிறவர்கள் மேல் வகுப்பு. அந்த வண்டிகளுக்குத் 'தொடப்படாதது' என்று பெயர். ஒரு பித்தளை வில்லையும் உண்டு. அந்த வில்லைக்காகத்தான் பல்செட் நான்கு மாதமாகத் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தான்.

பல்செட் என்பது தெரு வைத்த பெயர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவனுக்கு வேலை. அறுபது வயதுக்காரர் வாயில் புதுப்பல் ஒன்று வெள்ளைவெளேரென்று நின்றால் ஊரே உற்றுப் பார்க்கும். பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் தக்கபடி அதற்குக் கறை ஏற்றுவதில் அவன் கெட்டிக்காரன். காலையில் செய்த பல்லுக்கு மாலைக்குள் நாற்பது வயது ஏற்றிவிடுவான். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவன் மறந்துவிட்டான்.

கையில் திறமை இருந்து என்ன, எதையாவது தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் அவனுக்கு வராது. அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய குளிர்பெட்டியின் கதவு சுவர்ப் பக்கமாகத் திறந்தது. தக்காளி எடுக்கப் பெட்டியையே இழுத்து நகர்த்த வேண்டும். மரங்களைப் பார்த்த பால்கனி என்று அவன் பிடித்த வீட்டில், குடிவந்த ஆறாம் மாதம் மரங்கள் போய், எதிரே நான்கு மாடிக் கார் நிறுத்தம் வந்தது. இவற்றையெல்லாம் தேதிவாரியாக நினைவில் வைத்திருந்தவர் மனைவியின் அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். மோதிய கார்களைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்குவதற்குச் சம்பளம். தங்கை வீட்டில் அதையே இலவசமாகச் செய்தார்.

"மாப்ள, நீங்க ஒரு பொருளை நல்லாருக்குன்னு சொன்னா, நான் அந்தக் கடைப் பக்கமே போறதில்ல" என்பார்.

ஜீப் வந்த அன்று அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதை எதுல மோதினாங்க?" என்று கேட்டார்.

பல்செட் பல்லைக் கடித்துக்கொண்டான். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத் தலைவரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் தேர்ந்தெடுத்தது சரி என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். அதை மச்சான் காதில் விழும்படி சொல்ல வேண்டும். மச்சானை ஒன்பதரைக்கே வரச்சொல்லியிருந்தான்.

வண்டியை அவன் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தூசிக்குக் கீழே இருந்த அத்தனையையும் சரிசெய்திருந்தான். கார்புரேட்டரைப் பிரித்து ஊறவைத்துக் கழுவினான். பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டான். நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சின்ன கியர்பெட்டியை இறக்கி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்துத் திரும்ப மாட்டினான். அது அவனுக்குப் பழகிய வேலைதான். பானெட்டைத் தூக்க இரண்டே இடத்தில் கை வைக்கலாம். அங்கே சாக்பீஸ் குறி. தலைக்கு உறை, கைக்கு உறை, மூக்குக்கு முகமூடி. செய்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி, எழுதியது சரிதானா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.

ஐந்து வாரம் முன்பு எஞ்சின் உயிர்பெற்று ஓடியபோது மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, ஓடுதுங்க! வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"போகக் கூடாது."

"ஏன், பிரேக் பிடிக்காதா?"

"பிரேக் ஜம்முனு பிடிக்கும். காத்துல தூசி பறந்துடும்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "மலையேறுற வண்டியை வாங்கிட்டு, காத்து படக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கிற ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். ரத்தம், மருந்து, மை எதுவானாலும் சரி, அவளிடம் எந்தக் கறையும் பொய் சொல்லித் தப்ப முடியாது.

சனிக்கிழமை மதியம் பல்செட் வேலை முடிந்து வந்தபோது கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்து வந்து அவன் செருப்பை நனைத்தது. பழுப்புத் தண்ணீர்.

உள்ளே ரப்பர் குழாயோடு மனைவி. அவளுக்குப் பின்னால் கரும்பச்சை நிறத்தில், மிக அழகான, மிகச் சுத்தமான ஒரு ஜீப்.

அவன் விரலால் சுவரைக் காட்டினான். தாள் நனைந்து கிழிந்து, 'தும்மாதே' மட்டும் மிச்சம் இருந்தது.

"கத்தாதீங்க. முதல்ல இதை மோந்து பாருங்க" என்று அவள் வாளியை நீட்டினாள்.

"நாற்பத்தொரு வருஷத்துத் தூசிடி..."

"மோந்து பாருங்கன்னு சொன்னேன்."

மோந்தான். தேயிலை வாசனை அடித்தது.

"ஏணி எடுக்க வந்தேன். கையில ஈரத்துணி. ஒரு சொட்டு பானெட் மேல விழுந்துது. தூசின்னா சேறாகும். இது சிவப்பா வழிஞ்சு, கையில பிசுக்குன்னு ஒட்டுது. பன்னெண்டு வருஷமா படுக்கை விரிப்புல டீக்கறை எடுக்கறவ நான், எனக்குத் தெரியாதா? டீத்தண்ணி, கோந்து, மேல சலிச்ச மண்ணு. அப்புறம் அந்தச் சிலந்தி வலை, நீங்க குனிஞ்சு குனிஞ்சு போவீங்களே, அது பஞ்சு. இழுத்து விட்டு, முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே அடிச்சிருக்கான்."

"வலையுமா?" என்றான் பல்செட். தூசி போனதைவிட இது அவனை அதிகமாகத் தாக்கியது. அந்த வலைக்கு மரியாதை கொடுத்து நான்கு மாதம் தவழ்ந்ததில் அவனுக்கு இடுப்பு பிடித்திருந்தது.

"பெயின்டைக் கீறிப் பாருங்க. இன்னும் வாசனை போகல. போன வருஷம் அடிச்சதா இருக்கும்."

அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். வண்டியை விற்றவன் குரல் தழுதழுக்க, "எங்கப்பா நிறுத்தின இடத்துலயே நிக்குதுங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. தினமும் எட்டு மணி நேரம் புதுசுக்குப் பழசு பூசுகிறவன் கண்ணிலேயே பூசிக்காட்டி, தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். தொழில்முறையில் பார்த்தால் கைகுலுக்க வேண்டிய ஆள்.

"தலைவருக்கு ஃபோன் பண்ணி, ஏமாந்துட்டேன்னு சொல்லிடுங்க."

"அவர்கிட்ட சொல்லிடலாம். உங்கண்ணன்கிட்ட யார் சொல்றது?"

அவள் ரப்பர் குழாயைச் சுருட்டத் தொடங்கினாள். அண்ணனை அவளுக்கும் தெரியும்.

பல்செட் எழுந்து வீட்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது கையில் பல் நிறம் பார்க்கும் அட்டையும், தூசியோடு வண்டியைப் பல கோணத்தில் எடுத்த படங்களும், ஒரு டப்பா கோதுமை மாவும் இருந்தன. ஒரு தகரத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலவை பூசி, எண் எழுதினான்.

"இது பித்தலாட்டம்" என்றாள் மனைவி, கதவில் சாய்ந்து.

"தெரியும்" என்றான் அவன், ஐந்தாம் எண்ணுக்குச் சாம்பல் சேர்த்தபடி.

கால் மணி நேரம் அவள் அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல், "டீயைக் கொட்டாதீங்க, அவன் பண்ணின அதே தப்பு. காஞ்சா சிவக்கும். காப்பி ஊத்துங்க" என்றாள். இன்னும் கால் மணியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சலவைக் கூடத்துக்குப் போய், துணி உலர்த்தும் இயந்திரங்களின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சுத்தூசியை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.

"ஏழு வார்டு தூசி. இதைவிட ஒரிஜினல் உங்களுக்கு எங்கயும் கிடைக்காது."

பொழுது சாயும்வரை வேலை நடந்தது. அவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று டீ வடிகட்டியில் மாவும் சாம்பலும் சலித்தான். அவள் பஞ்சை இழுத்து வலை கட்டிவிட்டு, சலித்ததை முடி உலர்த்தும் கருவியால் ஒரே திசையில் ஊதிவிட்டாள். விற்றவன் செய்ததைவிடப் பிரமாதமாக வந்தது. அதில் அவனுக்குப் பெருமை வந்தது. பெருமைப்பட்டதில் வெட்கம் வந்தது. வெட்கத்தோடேயே பின்விளக்குக்கு இன்னொரு தடவை சலித்தான்.

"நாலு மாசத்துல இன்னிக்குத்தான் என்னை இது பக்கத்துல விட்டிருக்கீங்க" என்றாள் அவள், மூக்கில் மாவோடு.

ஞாயிறு காலை மச்சான் வெள்ளைச் சட்டையில் வந்தார். பத்து மணிக்குத் தலைவர் வந்தார். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, ஒட்டக முடித் தூரிகை. யாரும் மூச்சு விடக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு, வண்டியைச் சுற்றி வர அரை மணி எடுத்துக்கொண்டார். கடைசியில் சுண்டுவிரலில் ஒரு துளி தூசி தொட்டு, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடினார்.

"எத்தனை வருஷம்னு சொன்னீங்க தம்பி?"

"நாற்பத்தொண்ணு சார்."

"தப்பு." தலைவர் கண்ணைத் திறந்தார். "நாற்பத்தி மூணுக்குக் குறையாது. இப்படி ஒரு தூசியை நான் பார்த்ததே இல்ல. தொடப்படாதது!"

மச்சானின் உதடு பிதுங்க ஆரம்பித்துப் பாதியில் நின்றது. "மாப்ள, உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். ஒத்துக்கறேன்" என்றார்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அது வந்து, அளவு தப்பிய பல்செட் மாதிரி வாய்க்குள் பொருந்தாமல் உட்கார்ந்தது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்தார். "இனிமே இதை அசைக்கக் கூடாது. ஓட்டுறதுன்னு பேச்சே கூடாது. எஞ்சினைக் கூட..."

"சார்" என்றான் பல்செட். "அது கோதுமை மாவு."

தலைவர் சுண்டுவிரலை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தார்.

"நாக்குல வச்சதுமே தெரிஞ்சுது தம்பி" என்றார் தலைவர். "தானியக் கிடங்குல நின்ன வண்டி. மாவு மேல மாவா இறங்கியிருக்கு."

"நேத்து சாயங்காலம் இறங்குச்சு சார். நான்தான் டீ வடிகட்டியில சலிச்சேன்."

தலைவர் மச்சானைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாத்தீங்களா? நிஜமான பொருள் வச்சிருக்கறவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க. போலிக்காரன்தான் அடிச்சு சத்தியம் பண்ணுவான்."

"அந்த வலை எங்க ஆஸ்பத்திரி மிஷின்ல வந்த பஞ்சு சார்" என்றாள் மனைவி.

"இந்த வகைச் சிலந்தி இப்போ கிடையாதும்மா" என்றார் தலைவர் இரக்கத்தோடு.

இந்த வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும் என்றா நான்கு மாதம் தவழ்ந்தோம்? பல்செட் ரப்பர் குழாயை எடுத்தான். குழாயைத் திறந்தான்.

தலைவர் போட்ட கூச்சலுக்கு எதிரே கார் நிறுத்தத்தில் நின்ற கார் ஒன்றின் அலாரம் அலறத் தொடங்கியது. நாற்பத்து மூன்று வருடமும் நான்கு நிமிடத்தில் வடிகாலுக்குப் போயிற்று. அவர் வில்லையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் குறிப்பேட்டில் 'உரிமையாளரால் கொல்லப்பட்டது' என்று எழுதி, அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனார்.

மச்சானின் உதடு முழுசாகப் பிதுங்கியது. "ஆக, இதுவும்..."

"ஆமா மச்சான், இதுவும். குளிர்பெட்டி, பால்கனி, ஜீப். வரிசையில சேர்த்துக்கோங்க." பல்செட் துணியால் இருக்கையைத் துடைத்தான். "இப்ப ஏறுங்க."

"எங்க?"

"ஓடுதான்னு பார்க்கலாம்."

தெருக்கோடியில், கட்டடத்துக்காகத் தோண்டிப்போட்டுப் பணம் தீர்ந்து நின்றுபோன ஒரு நிலம் இருந்தது. வெள்ளிக்கிழமை மழையில் செம்மண் குழம்பாகிக் கிடந்தது. முன்னால் மனைவி, பின்னால் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி மச்சான். ஜீப் நேராகப் பள்ளத்தில் இறங்கியது. இறங்கி, புதைந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் வெறுமனே சுழன்றன.

"எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மச்சான் பின்னாலிருந்து.

பல்செட் கீழே குனிந்தான். நோட்டில் அந்தச் சின்ன கியர்பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருந்தான். குட்டை லீவரைப் பிடித்து இழுத்தான். அடியில் ஏதோ 'டொக்' என்று கவ்வியது. முன்சக்கரங்கள் சேற்றைப் பிடித்தன. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, நான்கு காலாலும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறி, மேட்டின் உச்சியில் போய் நின்றது. மனைவி இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள்.

பின்னால் மச்சான் கம்பியை விட்டுவிட்டு, எட்டி வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"அந்த கியர்பெட்டி வேலை யார் பண்ணினது?" என்றார் மச்சான் கடைசியில்.

"நான்தான்."

"ம்" என்றார் சேத மதிப்பீட்டாளர். உதடு அதன் இடத்திலேயே இருந்தது. "இன்னொரு தடவை அந்தப் பள்ளத்துல இறக்குங்க, பார்ப்போம்."

மூன்று தடவை இறக்கினான். மூன்று தடவையும் ஏறியது. வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் மச்சான் தன் வெள்ளைச் சட்டையைக் கவனித்தார். தோள் முதல் இடுப்பு வரை செம்மண்.

"ஏம்மா, இது போகுமா?" என்று தங்கையிடம் காட்டினார்.

அவள் துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"போகாதுண்ணே" என்றாள். "இது அசல்."