விதானையாரின் இடிதாங்கி

சாய்ந்தமருதுக்கு மேற்கே கிடக்கும் வயல்வட்டையில் நீர் பங்கிடும் தலைவர் வட்டவிதானை ஜவுபர். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் வயல் நடுவே ஓலைக் குடிலாக நின்ற தன் வாடிக்கு ஓர் இடிதாங்கி பூட்டினார். இலங்கையில் வேறெந்த வாடிக்கும் இப்படியொன்று இல்லை என்று அவரே சொன்னார். போய்ப் பார்த்துவர ஒருவரும் புறப்படாததால் மறுப்பும் வரவில்லை.

செப்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்குவதற்குள் திறப்புவிழா நாள் வந்துவிட்டது. பிரதம அதிதியைத் தள்ளிப்போட ஏலுமா?

"மின்னலுக்கு இறங்க வழி வேணும், விதானையார். கம்பி ஈர மண்ணுக்குள்ள போகாட்டி, பக்கத்தில நிக்கிற ஆளுக்குத்தான் பாயும்" என்றார் பூட்ட வந்த அழகரெத்தினம்.

"அத மறுகா பாப்பம்."

கூரையிலிருந்து வந்த கம்பி, விதானையார் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் சுருட்டி ஆணியில் தொங்கவிடப்பட்டது. ரிபன் வெட்டினார்கள். அதிதி விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசினார். விதானையார் அதிதியைப் பற்றிப் பேசினார். மின்னலைப் பற்றி யாரும் பேசவில்லை.

தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற விதானையாரின் மனைவி நதீரா மட்டும் அழகரெத்தினத்தை விடவில்லை. "அப்ப, முழக்கம் வந்தா வயலுக்க எங்க ஒதுங்கிற?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டதை மறக்காதது அவளிடமுள்ள ஒரே குறை என்பது ஜவுபரின் அபிப்பிராயம்.

பங்குனியில் நெல்வெட்டு முடிந்தது. ஒரு பின்னேரம் விதானையார் தன் புதிய டொல்பின் வேனில் நதீராவையும் சோற்றுப் பார்சல்களையும் ஏற்றிக்கொண்டு வாடிக்கு வந்திருந்தார். சீட்டுகளின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை; கழற்றும் யோசனையும் அவருக்கில்லை. வெட்டிய வயல் வரவைகளில் பாத்துமுத்து ராத்தாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் சிந்திய கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில், மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் ஒரு ஸலவாத்தை முழுதாகச் சொல்லி முடிக்கலாம் போலிருந்தது. பிறகு அதைவிடச் சிறிய பிஸ்மியே பாதியில் நின்றது.

"எல்லாரும் வாடிக்க வாங்க. இடிதாங்கி இரிக்கி" என்று கூப்பிட்டார் விதானையார். அதைச் சொல்லத்தான் அவர் மாசியிலிருந்து காத்திருந்தார்.

"விதானையார்ர வாடிக்க ஒதுங்க நமக்கும் குடுத்துவெச்சிரிக்கி, வாங்ககா" என்று சாக்கைத் தலையில் போட்டபடி பாத்துமுத்து ராத்தா முன்னால் வந்தாள்.

நதீரா வாசலை மறித்து நின்றாள். "ஒருத்தரும் உள்ளுக்க வராதீங்க. வேனுக்கு நடங்க."

"வேனுக்கா? சேத்துக் காலோடயா?" என்றார் விதானையார். "உனக்கென்ன பைத்தியமா, புள்ள?"

"வேன் திறப்பத் தாங்க."

"ஆக்களுக்கு முன்னால என்ன வெக்கப்படுத்தாத."

"வெக்கம் கழுவினாப் போகும். தாங்க."

அவர் கை இடுப்புப் பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்தை இறுகப் பொத்திக்கொண்டது. வானம் கிழிந்து வெளுத்தது. நதீரா குரலை உயர்த்தவில்லை.

"சரி. அந்தக் கம்பிர நுனியப் புடிச்சிக்கிட்டு நீங்க கதிரையில இரிங்க. நீங்க இரிந்தா நாங்களும் வாறம்."

பெண்கள் விதானையாரைப் பார்த்தார்கள். விதானையார் கம்பியைப் பார்த்தார். பேச்சுக்கு ஒரு பொருளாக இல்லாமல் மின்னலை மின்னலாகவே அவர் நினைத்துப் பார்த்தது அப்போதுதான்.

"வந்த ஆக்கள ஓலைக்குக் கீழ வெச்சிரிக்கிறது மரியாதையில்லதான்" என்று சொல்லித் திறப்பை நீட்டினார்.

ஓடினார்கள். பொலித்தீன் சரசரக்க ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கி இருந்தார்கள். நதீரா கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வேன்ட சில்லு றப்பர். அதுதான் காப்பாத்தும்" என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கினார் விதானையார்.

"றப்பர் இல்ல. சுத்திவர இரிக்கிற தகரம்தான். மின்னல் மேலால ஓடி நிலத்துல இறங்கிடும். எல்லாரும் கைய மடியில வைங்க, இரும்பத் தொடாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. வெளியே எல்லாம் வெள்ளையாகிப்போனது. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. கண் திறந்தபோது வாடியின் நடுக்கப்பான மரத்தூண் மேலிருந்து கீழாகப் பிளந்து நின்றது. கதிரை தூரத்தில், ஒரு கால் கருகி, குப்புறக் கிடந்தது. கொட்டத் தொடங்கிய மழையில் ஓலை புகைந்தது.



"விதானையார், அந்தக் கதிரையில ஆரும் இரிந்தாங்களா?" என்று கேட்டாள் பாத்துமுத்து ராத்தா.

"இல்ல" என்றார். அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அது.

மழை தணிந்ததும் பக்கத்து வரவையிலிருந்து சிலர் புகையைக் கண்டு வாடியை நோக்கி ஓடிவந்தார்கள். விதானையாருக்கு உயிர் திரும்பியது. தொப்பியைச் சரிசெய்தார்.

"ஆக்கள் வாறாங்க. இடிதாங்கி எப்பிடி இடிய தன்ட தலையில வாங்கிச்செண்டு நான்தானே சொல்லணும்" என்று கதவுக்குக் கையை நீட்டினார்.

நதீரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மழதான் விட்டிரிக்கி. முழக்கம் விடல்ல. கேக்குதா?"

தெற்கே உறுமியது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் கதவைச் சட்டென்று திறந்து, "வாடிக்குப் போகாதீங்க, இஞ்சால ஓடியாங்க" என்று வருகிறவர்களைக் கூவி அழைத்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"தள்ளி இரிங்க."

விதானையார் தள்ளி இருந்தார்.